ஊதிப் பார்த்த சென்சார்

ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டம் எதற்கு என்று மனைவி கேட்டாள். காற்றிலிருக்கும் ஈரத்தை அளக்க என்றேன்.

"தருமபுரியில ஈரம் இருந்தாத்தானேங்க அளக்கறதுக்கு?"

துத்தநாக ஆக்சைடைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக்கி ஒரு கண்ணாடிச் சில்லில் பூசியிருந்தேன். காற்றின் ஈரம் அதில் படிந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். அதை வைத்து ஈரப்பதம் திரையில் சதவீதமாக வரும். பல வருட உழைப்பு, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அது ஒழுங்காக வேலை செய்தால் நான் டாக்டர். இல்லாவிட்டால் அதே பழைய இயற்பியல் வாத்தியார்.

சித்திரை வெயில். கம்பைநல்லூர் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆய்வகத்தில் தேர்வாளரும் என் நெறியாளர் மேடமும் காத்திருந்தார்கள். மேசைமேல் சென்சார். திரையில் முப்பது. சரியாகத்தான் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்தேன். நாற்பது.

தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். நம் ஊரில் எது மக்கர் செய்தாலும் முதல் வைத்தியம் ஊதுவதுதான். சிம் கார்டை ஊதுவோம், சார்ஜர் முனையை ஊதுவோம். நானும் ஊதினேன். எழுபது. பயந்துபோய் இன்னும் பலமாக ஊதினேன். தொண்ணூறு. வெளியே தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே வத்தல்மலையில் ஐப்பசி அடைமழை.

"போச்சுங்க மேடம். சென்சார் செத்துப்போச்சு."

"அது நல்லாத்தான் இருக்குது சார். நீங்க மொதல்ல வாய எடுங்க."

தள்ளி நின்றேன். எண் இறங்கி முப்பதில் நின்றது. மூச்சுக்காற்றில் ஈரம் உண்டு என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

தேர்வாளர் சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ வேகமா ஏறி எறங்குதுன்னு பாக்கணும். அதே மாதிரி இன்னொரு தரம் செய்ங்க."

ஊதினேன். பயம் போய்விட்டதால் நிதானமான, கண்ணியமான மூச்சுதான் வந்தது. ஐம்பதைத் தாண்டவில்லை.

"முன்ன மாதிரி வரலியே," என்றவர், யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆமா, மூணாவது அத்தியாயத்துல ஒரு கிராஃப் தலைகீழா இருக்கே, பாத்தீங்களா?"

"எந்த கிராஃபுங்க சார்?"

குனிந்தபடியே பதறிக் கேட்டு முடிப்பதற்குள் எண் தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது.

"நல்ல சென்சார்," என்று கையெழுத்துப் போட்டார்.

கிராஃப் எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன. டாக்டரான பிறகும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.