தண்ணீர் மட்டும் குடித்த எலிகள்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு போடும் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு கூட்டம் எலிகளுக்குப் பாதரச உப்பு கலந்த தண்ணீர் வைப்போம்; அவற்றின் கிட்னி எப்படி அழற்சி கண்டு வீங்குகிறது என்று பார்ப்போம். ‘கன்ட்ரோல்’ எலிகளுக்கு வெறும் தண்ணீர். அவற்றின் கிட்னி நன்றாக இருந்தால்தான் சோதனைக்கே அர்த்தம்.

அந்த மார்கழியில் ஒரு கன்ட்ரோல் எலியின் கிட்னியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தூக்கிவாரிப்போட்டது. அதிலும் அழற்சி! அடுத்த எலி, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே கதை.

சோதனையை நடத்திய எங்கள் டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தேவராஜைக் கூப்பிட்டார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், வீட்டில் கைக்குழந்தை.

“பாட்டில மாத்தி வச்சிட்டியா? உண்மையச் சொல்லு. இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத.”

“சாமி சத்தியமா மாத்தல சார். பச்சத் தண்ணிதான் வெச்சேன். வேலைய வுட்டுத் தூக்கிடாதீங்க, கொழந்த கீது சார்.”

டாக்டர் நம்பவில்லை. ஆனாலும் ஸ்லைடை மறுபடி பார்த்தார். நெடுநேரம் தலை நிமிரவில்லை. செல்களின் உட்கருவுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ படிந்திருந்தது.

“இது பாதரசம் இல்லம்மா, ஈயம். ஈயம் உள்ள போனாதான் உட்கருவுல இப்படி உருண்டை கட்டும்” என்றார் என்னிடம்.

எங்கள் சோதனையில் ஈயமே கிடையாது. எலி அறைக்கு ஓடினோம். கன்ட்ரோல் ராக்கில் மட்டும் கூண்டுக் கம்பிகள் செக்கச்செவேலென்று இருந்தன. எலிகள் பல் வைத்த இடமெல்லாம் வெறும் இரும்பு.

“இந்த ராக்குதான் துரு புட்சிகினு இருந்துச்சி சார். ஆயுத பூஜைக்கு நான்தான் பெயிண்ட் அட்சேன். பக்கத்து ஷெட்டுல மீந்த ரெட் லெட் ப்ரைமர் குடுத்தாங்க.”

துருவைத் தடுக்கும் அந்தச் சிவப்புப் பூச்சில் பெரும்பகுதி ஈயம்தான். பூஜையன்று அந்தக் கூண்டுகளுக்கு முன்னால் நின்று பொரி தின்றுகொண்டே, “பளிச்சுனு இருக்கு” என்று பாராட்டியவர்கள் நாங்கள். படித்த கூட்டம்!

“சரி, நீ மாத்தல. வேலை போகாது, போ” என்றார் டாக்டர்.

தேவராஜ் நகரவில்லை.

“மீந்தத வூட்டு ஜன்னல் கம்பிக்கு அட்சேன் சார். பாப்பாவுக்குப் பல்லு மொளைக்குது. நாள் பூரா அத்ததான் கடிச்சிகினு கீது.”

டாக்டர் கார் சாவியை எடுத்தார். குழந்தையைச் சென்னை ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்து தேற்றினார்கள்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளே, கன்ட்ரோல் கெட்டுவிட்டால் சோதனை பாழ் என்று ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அன்று டாக்டர் எறிந்திருந்தால், தேவராஜ் வேலையை இழந்து வீட்டுக்குப் போயிருப்பார். குழந்தை அவர் கண்ணெதிரிலேயே கம்பியைக் கடித்துக்கொண்டிருந்திருக்கும்.