ஊதி அணைக்காத மெழுகுதிரி

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எலிவேற்றர் பழுதானால்தான் மனிதர்கள் பேசிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் தோள் முட்ட நின்றாலும் எல்லோருடைய கண்ணும் மாடி எண்களில்தான் இருக்கும். சுவிஸ் மலைப்பாதையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் வணக்கம் சொன்னபோது, எலிவேற்றர் ஓடாத நாளில் எங்கள் கீழ்த்தள லொபி நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

மலைக்குப் போனது நேர்த்திக்கடனுக்காக. போன வருடம் என் கணவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் நான் காத்திருந்தபோது, சுவிஸிலிருக்கும் தம்பி ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டு ஜன்னலில் தெரியும் மலை, அதன் உச்சியில் ஒரு சிலுவை. கடலோரத்து எங்கள் ஊரான மன்னாரில் என்றால் மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்திருப்பேன். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது இந்தச் சிலுவைதான். இவர் பிழைத்தால் அங்கே ஏறி மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று அழுதபடி சொல்லிவிட்டேன். பிழைத்து எழுந்தவரோ பகிடி பண்ணினார்.

"எலிவேற்றர் ஓடாட்டி லொபியிலேயே குந்தியிருக்கிற ஆள், மலை ஏறப்போறாவாம்!"

ஆனாலும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு கூடவே வந்தார். பாதி மலைவரை கேபிள்கார், மீதி நடை.

உச்சியில் பேய்க்காற்று. ஸ்காபரோ பிளாசாவில் வாங்கிய சின்ன மெழுகுதிரி கொளுத்தக் கொளுத்த அணைந்தது. "இஞ்சரப்பா, நேர்த்தி நிறைவேறாதோ?" என்று கலங்கினேன். சிலுவையடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து வந்து, ஜாக்கெட்டுகளை விரித்து எங்களைச் சுற்றி நின்றார்கள். திரி பற்றியது. உடனே இவரைப் பார்த்து 'ஹப்பி பேர்த்டே' பாடத் தொடங்கிவிட்டார்கள்! பாட்டு முடிந்ததும் ஒரு அம்மா கன்னத்தை உப்பவைத்து ஊதிக் காட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நேர்த்தித் திரியை ஊதுவதா? சொல்லி விளக்க எனக்கு அவர்கள் பாஷையும் தெரியாது. இவர் சட்டென்று குனிந்து சுடரை உள்ளங்கையால் மறைத்தார். மறுகையால் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சிலிருந்த தழும்பைத் தொட்டு, சிலுவையைக் காட்டினார்.

அந்த அம்மா தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் ஜாக்கெட்டைத் தாழ்த்தவில்லை. திரி தானாக எரிந்து முடியும்வரை அத்தனை பேரும் குளிரில் அப்படியே நின்றார்கள். நான் அவர்களுக்காகவும் சேர்த்துத் தமிழில் மன்றாடினேன். இவ்வளவு நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"சரி, வாரும். இனி வீட்ட போவம்," என்றார் இவர்.

வீடு என்றதும் எங்கள் லொபிதான் மனதில் வந்தது. கண்கள் மட்டும், அந்த மலைகளுக்கு அப்பால் எங்கேயாவது ஊர்க் கடல் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தன.