அருளப்பன் அழுத ரஷ்ய அழுகை

போன வாரம் தலையணை உறையை மாற்றும்போது தையல் விட்டு, இலவம்பஞ்சு கூடமெல்லாம் பறந்தது. மனைவி துடைப்பத்தோடு வந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் என்னடாவென்றால், ரஷ்யாவில் பனி பெய்கிறது என்று உட்கார்ந்து சிரிக்கிறேன். கிறுக்குப் பிடித்துவிட்டதென்றே நினைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புதிதாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த காலம். கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் மைதானத்தில் நாடகம் போடவேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது ரஷ்யக் கதைப் பைத்தியம். பழைய தொகுப்பொன்றிலிருந்து ஒரு கதையை எடுத்தேன். போருக்குப் போன மகனுக்காக ஸ்டேஷனில் காத்திருக்கும் இவான் என்கிற அப்பா; ரயிலில் வந்து சேர்வது மகனின் கோட்டு மட்டும். அதை மடியில் போட்டுக்கொண்டு அவர் அழுவதுதான் முடிவு. ஒரு வார்த்தை மாறக்கூடாது, அசல் அசலாகவே இருக்கவேண்டும் என்று குதித்தேன். பனிக்கு இலவம்பஞ்சு. கோட்டுக்கு, ரிட்டயரான மிலிட்டரிக்காரர் ஒருவரின் கம்பளிக் கோட்டு. அதில் அடித்த பாச்சை உருண்டை வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இவானாக நடிக்க அருளப்பனைப் பிடித்தேன். அரியலூர்–ஆண்டிமடம் பஸ்ஸில் கண்டக்டர். யாரைப் போலவும் பேசிக் காட்டுவார். டிரைவர், பங்குச் சாமியார், முந்திரிக்கொட்டை வியாபாரி, ஏன், என்னைக்கூட. பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கும். ஆனால் ஒத்திகையில் அழுகை மட்டும் வரவில்லை.

"நீங்க அழுது காட்டுங்க சார். அப்படியே அழுதுடுறேன்" என்றார்.

அழுது காட்டினேன். என் மூக்கு உறிஞ்சல் வரைக்கும் திருப்பிச் செய்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடகம் குட்டிச்சுவர்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அவருடைய மகன் ஸ்டீபன் கதை ஊருக்கே தெரியும். பரீட்சையில் தேறவில்லையென்று அருளப்பன் பெல்ட்டால் விளாசியதில் வீட்டைவிட்டுப் போனவன். திருப்பூரில் பார்த்ததாக யாரோ சொன்னதோடு சரி. அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நாடகத்தன்று மேடையில் பஞ்சு பறக்கிறது. கோட்டு வந்தது. அருளப்பன் அதை மடியில் போட்டுக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் ஆரம்பிக்கவேண்டும். ஆரம்பிக்கவில்லை. காலரை நீவிவிட்டார்.

"ஸ்டீபா... சாப்ட்டியாடா?"

திரைக்குப் பின்னால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையில் அந்தப் பெயரே கிடையாதே! பிறகு பேசினார் பாருங்கள், ஐயோ, அந்தக் கோட்டோடு அப்படிப் பேசினார். என் ரஷ்யாவும் போச்சு, வசனமும் போச்சு. கூட்டத்தில் அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்புகிறது மட்டும் கேட்கிறது. எங்கோ குளிரில் உட்கார்ந்து ஒருத்தர் எழுதியது இந்த மனுஷனின் நெஞ்சுக்குள் எப்படிப் போய்ப் புகுந்தது? எது அசல், எது நகல்?

அந்த மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம். கிறிஸ்துமஸுக்கு நாடகம் கிடையாது, பாட்டுக் கச்சேரிதான். அருளப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஸ்டீபன் வராமலே. அன்றைக்கு அவர் பேசியதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. முதல் வார்த்தைக்கு மேல் எனக்கும் நினைவில்லை. நாடகம் போட்ட மறுவருஷம், அதையே இன்னொரு தரம் போடுவோமா என்று அருளப்பனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"வேணாம் சார். அத இன்னொரு தடவ சொன்னா, நான் என்னையே பேசிக் காட்டுன மாதிரி ஆயிடும்."