பட்டாளத்துப் படகை வாங்கினோம்

போன திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். மரியாதையில் அல்ல... ஆச்சரியத்தில்!

"ஏம்மா, ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போவுது. ஓடத்தை நிறுத்தியாச்சு. எப்படி வந்தீங்க?"

"மோட்டார் போட்ல சார்."

"யாரு போட்டு?"

"எங்களோடதுதான் சார்."

இந்தப் பதிலைச் சொல்ல நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே... கேளுங்கள்.

எங்கள் வீடு திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரை. நான் டீச்சர் வேலை பார்ப்பது தென்கரையில். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். தண்ணீர் வந்தால் ஓடம். வெள்ளம் வந்தால்? வீட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க வேண்டியதுதான்! போன வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், இன்னொரு வருஷம் இப்படி என்றால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

என் மாமனார் அதற்கும் ஒரு படி மேலே போனார்.

"வேலைய விட்டுடும்மா. நாம என்ன சோத்துக்கா கஷ்டப்படுறோம்?"

அவர் பொல்லாதவர் இல்லை. ஒரு தடவை ஓடம் சுழலில் மாட்டி, நான் நனைந்து நடுங்கி வீடு வந்ததைப் பார்த்தவர். பயம் அவருக்கு. ஆனால், வேலைக்குப் போவது சோற்றுக்காக மட்டும்தானா? கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது வருகிற நிமிர்வு எனக்கு வேறெங்கும் வந்ததில்லையே!

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் திருச்சிக்குப் போனார். கூடப் போனவர் லாரி வைத்திருக்கும் காதர் பாய் — லெப்பைக்குடிக்காட்டு வியாபாரி, எங்கள் குடும்ப நண்பர். யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன சாமான்களை அங்கே ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மேரி, ஒரு மோட்டார் போட்டு கெடக்கு. அடியில ஓட்டை. மோட்டாரு ஓடுமான்னு விக்கிறவனுக்கே தெரியல. வாங்கிடலாமா?"

"ஓட்டைப் படகை வாங்கி என்னங்க பண்றது?"

"ஓட்டை இல்லாத படகை வாங்க நம்மால முடியுமா?"

நியாயம்தானே? சமையலறைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம் படகாக மாறியது.

காதர் பாய் லாரியில் அது வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. "டீச்சரம்மா, இதுல மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்" என்றார் ஒருவர். மாமா படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதா கோயில் பூசை, படகு — இரண்டே வேலைதான். கண்ணாடிச் சில்லால் பழைய பெயிண்டைச் சுரண்டினோம். உளுத்த பலகையை ஆசாரி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தார். இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினோம். குட்டையில் இறக்கிப் பார்த்தால்... உள்ளே தண்ணீர்! மறுபடி பஞ்சு, மறுபடி குங்கிலியம். மோட்டாரைப் பிரித்த காதர் பாய் உள்ளேயிருந்து ஒரு குளவிக் கூட்டை எடுத்துக் காட்டினார். "பட்டாளம் போயிருச்சு டீச்சரம்மா, இவங்க இன்னும் போவல" என்றார். தன் லாரியின் பழைய பிளக்கை மாட்டினார். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டினார். மோட்டார் இருமியது, புகைந்தது... ஓடியது!

அந்தச் சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் பச்சைப் பெயிண்டை வாங்கிவந்துவிட்டார். பிரஷ்ஷை எடுத்தவர் நிறுத்தவே இல்லை. படகு, துடுப்பு, மோட்டார், பெட்ரோல் டாங்கி, அதன் மூடி — கண்ணில் பட்டதெல்லாம் பச்சை!

ஆற்றில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்த சனிக்கிழமை, வெள்ளோட்டம். யாரும் கூப்பிடாமலே மாமா வந்து நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

"நானும் வரேன். இது நடு ஆத்துல நின்னுச்சுன்னா திங்கக்கெழமையே வேலைய விட்டுடணும். சரியா?"

"சரி மாமா" என்று சொல்லிவிட்டேன். நாக்குத்தானே!

படகு அழகாகப் போனது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நடு ஆற்றுக்கு வந்ததும்... மோட்டார் நின்றது.

என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். உயிர் இல்லை. டாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. திறந்தார், பார்த்தார், மூடினார், இழுத்தார். ஓடியது, நின்றது! இதற்குள் வெள்ளம் எங்களைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. மாமா படகின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மாதாவே, மாதாவே" என்கிறார். எனக்கோ உயிர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். மூடியைத் திறந்து மூடினால்தான் ஓடுகிறது. ஏன்?

மண்ணெண்ணெய் டின் ஞாபகம் வந்தது. ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது. காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும் அல்லவா?

"என்னங்க! டாங்கிக்குள்ள காத்துப் போவல. அந்த மூடியக் குடுங்க!"

வாங்கிப் பார்த்தேன். மூடியின் நடுவில் கடுகளவு குழி. அதன் மேல் கெட்டியாகப் பச்சைப் பெயிண்ட்! கொண்டை ஊசியை உருவிக் குத்தினேன். மறுபுறம் வெளிச்சம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திருகிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

ஓடியது. நிற்கவே இல்லை! கொண்டை அவிழ்ந்து தலைமுடி காற்றில் பறக்க, அக்கரையைத் தொட்டுவிட்டு வடகரைக்குத் திரும்பினேன். வரும்போது படகை ஓட்டியது நான்தான்.

மாமா கரையில் இறங்கி வேட்டியைப் பிழிந்தார்.

"நடு ஆத்துல நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு மாமா."

"நின்னதை ஓட வச்சது யாரு?"

நான் அவிழ்ந்த கொண்டையை முடிந்து ஊசியைச் சொருகிக்கொண்டிருந்தேன்.

"பெறவு என்ன? திங்கக்கெழமை வேலைக்குப் போ. ஊசி மட்டும் ரெண்டா சொருகிக்க."

அன்றைக்கு இராத்திரி சாப்பாட்டில் எனக்கு முதல் மீன் துண்டை வைத்தது மாமாதான். இந்த வாரம் முழுக்க வெள்ளம். நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

வெள்ளம் வந்தால் கணக்குப் பாடம் கிடையாது என்று நம்பியிருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான்... பாவம்!