மாலை போட்ட சிலிண்டர்

என் வீட்டுக்காரர் மேடை ஏறினால் விலைவாசியைத் தவிர வேறெதையும் பேசமாட்டார். எங்கள் கட்சி ஆட்சியில் உட்கார்ந்ததே இல்லை. நின்ற தேர்தலிலெல்லாம் அவர் தோற்றார். ஆனாலும் பருப்பு விலை ஏறினால் போதும், மறுநாளே திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மைக் கட்டிவிடுவார். அவர் பேச்சைக் கேட்டு நாலு பேர் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதே பஸ் ஸ்டாண்டை ஒட்டி நான் இட்லிக் கடை நடத்தினேன். குடும்பம் ஓடியது அதில்தான். கட்சி யாருக்குச் சம்பளம் கொடுத்தது?

உளுந்து ஏறியது, எண்ணெய் ஏறியது, கேஸும் ஏறியது. இட்லி விலையை மட்டும் ஏற்றக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார்.

"விலைவாசிய எதிர்த்து நாயாக் கத்திக்கிட்டு இருக்கேன். நம்ம கடையிலயே ஏத்துனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மைக்கப் பிடிப்பேன்?"

"உங்க மூஞ்சியக் காப்பாத்த நான் கடைய மூடணுமாக்கும்?" என்று சண்டை போட்டேன். மாவு அரைக்கும்போதெல்லாம் வயிறெரியும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கடைக்குப் பூட்டுத்தான்.

அந்தச் சமயம் சிலிண்டர் விலையை எதிர்த்து ஆர்ப்பாட்டம் வைத்தார். எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை உண்டு. காலி சிலிண்டரை நடுரோட்டில் வைத்து, மாலை போட்டு, மேலே ஒற்றைக் காசு ஒட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கட்சித் தம்பிகள் கடைக்கு வந்து, "மதினி, காலி சிலிண்டர எடுத்துக்கிறோம்" என்றார்கள். மாவைக் கரைத்துக்கொண்டே தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு அணைந்தது. மாற்றப் போனால் மூலையில் காலி மட்டும் நிற்கிறது. பாவிப் பயல்கள் நிறைந்ததைத் தூக்கிப் போயிருக்கிறார்கள்! வீட்டில் ஒரு நாளாவது சிலிண்டர் மாட்டியிருந்தால்தானே கனம் தெரியும்? தட்டில் ஊற்றிய இட்லி ஈடு பாதி வெந்து கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். ரோட்டில் ஒப்பாரி நடக்கிறது, அவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, இது நெறஞ்ச சிலிண்டரு! அங்க அடுப்பு அணைஞ்சு போச்சு!"

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "செத்த இரு, பேசி முடிச்சிர்றேன்" என்றார். அதற்குள் போலீஸ் வந்து எல்லாரையும் வேனில் ஏற்றியது. சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் அதோடு சேர்த்துத்தான்.

வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அங்கே எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"ரோட்டுல வச்ச சிலிண்டருக்கு அம்புட்டுப் பேரு அழுதாக. என் அடுப்புக்கு அழ ஒருத்தரும் இல்ல. உங்களுக்குக் கை தட்டுனவுக வீட்டுல இன்னைக்குச் சோறு பொங்கியிருப்பாக. நமக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

விட்டதும் மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தம்பிகள் யாரையும் தொடவிடாமல், சிலிண்டரை அவரே தோளில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து மாட்டினார்.

மறுநாள் விடியக்காலை நான் போனபோது விலைப் பலகையில் புது விலை எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. கல்லாவிலும் அவரே உட்கார்ந்திருந்தார். கேட்கிறவர்கள் என்னைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

தினமும் வரும் மூட்டை தூக்கும் அண்ணன்தான் முதலில் வந்தார். பலகையைப் படித்தார். பிறகு கல்லாவைப் பார்த்தார்.

"என்னண்ணே, நீங்களுமா?"

"ஆமாப்பா" என்றார் இவர். "நானுந்தான்."

வழக்கமாக நாலு இட்லி கேட்பவர், இலை முன்னால் உட்கார்ந்து, ரெண்டு போதும் என்றார்.