வயிறு லேசான உத்திரம்

பொறியியல் படித்த எனக்கு வீட்டில் கிடைத்த முதல் பட்டம், "கான்கிரீட்டுல கஞ்சத்தனம் பண்றவ" என்பது. கொடுத்தவர் என் தாய்மாமா. கொழும்பில் பல வருடம் மேசன் வேலை பார்ப்பவர். லீவில் வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தால், என்னைச் சீண்டாமல் அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்காது.

சண்டைக்குக் காரணம் ஓர் ஓடை. லயத்துக்கும் தேயிலை மலைக்கும் நடுவே ஓடுகிறது. கடப்பதற்கு ஒரு டர்பன்டைன் மரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். போன மழையில் அம்மா அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் கை கொஞ்சம் கோணல்தான். அப்படியும் அதே மரத்தில் ஏறித்தான் கொழுந்து பறிக்கப் போனாள். எனக்கு வந்த கோபத்தில் மரத்தை அன்றைக்கே விறகாக்கியிருப்பேன். "அப்புறம் நாங்க பறந்தா போறது?" என்று அம்மாதான் தடுத்தாள்.

ஆகவே பாலம் போடுவது என்று நான் தீர்மானித்தேன். ஓடைக்கு லொறி வராது. எதுவானாலும், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து தோளில்தான் போக வேண்டும். கனம் குறையட்டும் என்று, பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்த உத்திரத்தையே அந்தக் களத்தில் வார்த்தேன். மேல்பாதி வழக்கமான கான்கிரீட். கீழ்ப்பாதி லேசான கான்கிரீட். டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைக்கட்டியை மணி மணியாக உதிர்த்து, கல்லுக்குப் பதில் கலந்தது.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "உரமானது அடியில இருக்கணும் மருமகளே. அடுப்புக்கல்லுக்குப் பதிலா பஞ்ச வச்சு ஒல வைப்பியா?"

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இருந்தாலும் ஒரு பலகையை வளைத்துக் காட்டி விளக்கினேன். பாரம் ஏறினால் உத்திரத்தின் மேல்பக்கம் நெருக்குப்படும், கீழ்ப்பக்கம் இழுபடும். நெருக்கலைக் கான்கிரீட் தாங்கும். இழுவைக்கு அது லாயக்கில்லை. இழுவையை வாங்குவது அடியில் இருக்கும் கம்பி. சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அங்கே பெரிய வேலையில்லை.

"சும்மா இருக்கிற ஆளுக்கு எதுக்கு மாமா அவ்வளவு கனம்?"

"யாரச் சொல்ற?"

"உத்திரத்தச் சொன்னேன். உங்களுக்கு ஏன் கோவம் வருது?"

லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கால் புரியவில்லை. நடுவில் ஐந்நூறு கிலோ தாங்கும் என்று எல்லோர் காதிலும் விழ வாயை விட்டுவிட்டேன். மாமா விடுவாரா? மூன்று உத்திரம் வார்த்திருந்தோம். ஒன்றை உடைத்துப் பார்ப்பது, ஐந்நூறைத் தாங்கினால் மற்ற இரண்டும் ஓடைக்குப் போவது, தாங்காவிட்டால் பழைய மரமே போதும் என்று பேச்சாகிவிட்டது.

கான்கிரீட் இறுக நான்கு வாரம் தண்ணீர் ஊற்றும் வேலையை எங்கள் ஊர் மழையே பார்த்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூறலில், பெரட்டுக்களத்தில் இரண்டு கல்கட்டுகளுக்கு மேல் உத்திரத்தை ஏற்றினோம். அதன் நடுவில் சங்கிலி போட்டு ஒரு பலகையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டோம். மணல் மூட்டைகளைக் கொழுந்துத் தராசில் நிறுத்து அந்தப் பலகையில் அடுக்க வேண்டும். நிறுக்க வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா. முப்பது வருடம் மலையில் கொழுந்து நிறுத்தவர். அவர் நிறையைக் கூவ, பெண்கள் மூட்டையைத் தலையில் வாங்கிக் கொண்டுவந்து வைக்க, நான் எழுதினேன். தராசு முள்ளை நான் பார்க்கவில்லை. என் கண் உத்திரத்தின் வயிற்றிலேயே இருந்தது.

பத்து மூட்டையில் அடியில் மயிரிழை வெடிப்புகள் வந்தன. அது எல்லா உத்திரத்திலும் வருவதுதான். பதினைந்தில் நடுப்பகுதி தாழ்ந்தது கண்ணுக்கே தெரிந்தது. இருபதாவது மூட்டையை வைத்துவிட்டு அம்மா விலகினாள். சற்று நேரம் தாங்கி நின்ற பிறகு, மளுக்கென்று மேல்பக்கம் நொறுங்கி, உத்திரம் தொய்ந்து விழுந்தது.

கூட்டிப் பார்த்தேன். நானூற்று நாற்பத்து மூன்று.

மாமா ஒரு குத்தாட்டமே போட்டார். "பஞ்சு! நான் சொன்னேன்ல, பஞ்சு!"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தோற்றது ஒரு பக்கம். நாளைக் காலையில் அம்மா மறுபடி அந்த மரத்தில் கால் வைப்பாளே என்பது இன்னொரு பக்கம். அம்மாவோ என்னைப் பார்க்கவே இல்லை. அவள் நேரே தராசுக்குப் போனாள்.

"ஐயா, கடைசி மூட்டைக்கு என்னா சொன்னீங்க?"

"இருவத்திரெண்டு."

"அது இருவத்தஞ்சுங்க. என் தலைக்குத் தெரியாதா?"

"ஆமா, இருவத்தஞ்சுதான். சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு போவ, இருவத்திரெண்டு" என்றார் ஐயா, இதிலென்ன சந்தேகம் என்ற முகத்தோடு.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் என்று கூலிக்கான கிலோவை வெட்டுவது எங்கள் மலையில் வழக்கம். மனுஷன் அதே கையோடு மணலுக்கும் வெட்டியிருக்கிறார்! இருபது மூட்டைக்கு மூன்று மூன்றாக, அறுபது கிலோ.

"அடப் பாவி மனுசா!" என்று மாமாவே கத்திவிட்டார். மூட்டைகள் அத்தனையும் திரும்பத் தராசில் ஏறின. "இருவத்தாறு!" என்று ஐயா முள் காட்டியதை அப்படியே கூவ, பெண்கள் குலவையிட்டார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் குலவை. ஆனால் பத்தாவது மூட்டைக்குள் சத்தம் அடங்கிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக முழு நிறையை அவர் வாயால் கேட்டார்கள்.

ஐந்நூற்று மூன்று.

மாமா ஆட்களைக் கூப்பிட்டு மற்ற இரண்டு உத்திரத்தையும் தோளில் ஏற்றினார். "லேசாத்தான்டி இருக்கு" என்று போகிற போக்கில் முனகினார். எனக்கு அது போதும்.

அம்மா மட்டும் தராசடியிலேயே நின்றாள்.

"மண்ணுக்கு முழுசாப் போட்டுட்டீங்க. எங்களுக்கு ஒரு நாளாவது போட்டீங்களா ஐயா?"

ஐயா தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். "முறை அப்படிம்மா" என்றார், மிக மெதுவாக.

அம்மா கோணல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"சரி, பாலம் போட்டதும் நீங்களும் வந்து நடந்து பாருங்க. உங்க நிறையில நாங்க ஒண்ணும் வெட்ட மாட்டோம்."