வெட்டி எடுத்த பதில்

அந்தக் கேசட்டில் கேட்கும் மிகப் பெரிய சிரிப்பு என் பேச்சுக்குக் கிடைத்ததல்ல. இருபது வருடமாக அதை என்னுடையது என்று சொல்லி விற்றேன்.

பர்மாவில், பபேடானில் எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. கல்யாணங்களுக்கு மைக் செட்டும் போடுவேன். மைக் என்னிடம் இருந்ததால் ஏசலும் என் வேலையாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சபை நடுவில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். கிண்டலுக்கு வரம்பு கிடையாது. ஒரே ஒரு விதி மட்டும் உண்டு. ஏசியவன், ஏசப்பட்டவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். அவன் பதில் சொன்னால்தான் ஏசல் முடிந்ததாக அர்த்தம்.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் நடந்தது இது. ஊரடங்கு இருந்ததால் கல்யாணங்கள் பகலிலேயே முடிந்துவிடும். அன்று மாப்பிள்ளை பக்கத்தில் என் நண்பர் ஒருவர் வந்திருந்தார். அலோனில், படகுத்துறைக் கிடங்கில் வேலை. என்னைவிட எட்டு வயது இளையவர். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அந்த அம்மா துறைக்குப் பக்கத்தில் மொய்ங்கா கடை போட்டிருந்தார்; அரிசிச் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றித் தருவது. அவர் கையால் ஊற்றும் மீன் குழம்புக்காகவே நான் பஸ் ஏறி அலோன் போயிருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மைக்கில் நான் பேசியது இதுதான்:

“இவங்க அப்பா கப்பல்ல வந்து இறங்குனாரு. நல்ல பசி. கரையில ஒரு அம்மா மொய்ங்கா வித்துக்கிட்டிருந்தாங்க. ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாரு. அவ்வளவுதான்! ஊரும் மறந்துபோச்சு, ஊர்ல இருந்த முறைப்பொண்ணும் மறந்துபோச்சு. கொழம்புல மீன் மட்டுந்தான் போட்டாங்களா, மருந்தும் போட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல!”

பெண்கள் சோற்றில் மருந்து வைத்து ஆண்களை மயக்கிவிடுவார்கள் என்பது நம்மவர்களின் பழைய பழிச்சொல். பர்மாப் பெண்களைக் கட்டியவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்வார்கள். நான் மைக்கில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. கொஞ்சம் தயங்கித்தான் சிரித்தது.

அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தமிழ் அவருக்கு மெதுவாகத்தான் வரும்.

“மருந்து போட்டது உண்மைதான் அண்ணே. எங்கப்பா ஒரே கிண்ணந்தான் சாப்பிட்டாரு, முப்பத்தஞ்சு வருசம் வீட்டை விட்டு நகரல. உங்க வீட்டுக்கு ஒரு அண்டாவே அனுப்பச் சொல்றேன், அண்ணிக்குக் குடுங்க. அண்ணி பத்து நாளா தாமுவேல அவங்க அம்மா வீட்லயே இருக்காங்களாமே!”

மண்டபம் அதிர்ந்தது. மணப்பெண்ணின் தாயார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி கோபித்துக்கொண்டு போனது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நானும் சிரித்தேன். முகம் எரிந்தது.

மறுவாரம் அன்றைய ஏசலைக் கேசட்டாகப் போட்டேன். பிரதி எடுக்கும்போது, அவர் பேசத் தொடங்கிய இடத்தில், பதிவை நிறுத்தி வைக்கும் ‘பாஸ்’ பொத்தானை அழுத்தினேன். சிரிப்பு கிளம்பிய இடத்தில் விட்டேன். என் பேச்சு, உடனே அந்தப் பெரிய சிரிப்பு. ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரியவேயில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்துவிட்டோமே என்று அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

கேசட் நன்றாக விற்றது. டீக்கடைகளில் ஓடியது. அலோனில் அந்த அம்மாவிடம் போய், “மருந்து கொஞ்சம் தூக்கலா போடுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத அவர் சிரித்துக்கொண்டே மிளகாய்த்தூளை எடுத்து நீட்டுவாராம். பிறகு யாரோ பர்மா பாஷையில் விளக்கிச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் கடை போடவில்லை.

நண்பர் ஒரே ஒருமுறை வந்தார். கடைக்குள் ஏறவில்லை.

“அண்ணே, நான் பேசுனது எங்க?”

“அந்த எடத்துல டேப் சரியாப் பதியலப்பா.”

சிரிப்பு மட்டும் எப்படிப் பதிந்தது என்று அவர் கேட்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

போன வருடம் அவர் மகன் வந்தான். முப்பதை நெருங்கும் வயது. கையில் ஒரு சி.டி. யாரோ என் கேசட்டைச் சி.டி.யாக்கி விற்றிருக்கிறார்கள். அவனுக்குத் தமிழ் பாதிதான் புரியும். பர்மா பாஷையில்தான் பேசினான்.

“ஊலே, இதைப் போடுங்க.”

நம் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுவதுபோல அங்கே ஊலே. மரியாதையில் குறை வைக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நெடுநாளைக்குப் பிறகு நானே அதைக் கேட்டேன். வழுக்கைத்தலை ஜவுளிக்காரருக்குச் சீப்பு பரிசு தருகிறேன் என்கிறேன். உன் மூக்கு முடிக்கு வைத்துக்கொள் என்கிறார் அவர். அதற்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. மணப்பெண்ணின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்கிறேன். மணப்பெண் கையில் யாரும் மைக் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்றிருந்தது. அப்புறம் மொய்ங்கா வந்தது. பின்னாலேயே அந்தச் சிரிப்பு. அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு எப்படி வரும் என்று ஒருவரும் இத்தனை வருடம் கேட்காததுதான் ஆச்சரியம்.

அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

“அப்பா பதில் சொன்னதா நான் சின்னப் பையனா இருந்தப்போலேர்ந்து சொல்றாரு. பள்ளிக்கூடத்துல பசங்க என்னை ‘மருந்து’ன்னு கூப்பிட்டப்பவும் அதையே சொன்னாரு. நான் நம்பல. போன மாசம் ஒரு சண்டையில, ‘உன் அம்மாவை அத்தனை பேர் முன்னால ஏசுனப்போ வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்துட்டு இப்பப் பொய் சொல்றியா’ன்னு கேட்டுட்டேன். அன்னைலேர்ந்து அவர் என்னோட பேசறதில்ல. சொல்லுங்க. பதில் சொன்னாரா?”

“ஞாபகமில்லப்பா. இருபது வருசம் ஆச்சு.”

என் முதல் பதில் இதுதான். மறைக்க விரும்பவில்லை.

“சொன்னாரா, இல்லையா?”

முதல் பதிவு, வெட்டாதது, என் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் அவன் போய்விடுவான். அவன் அப்பா சாகும்வரை பொய்யராகவே இருப்பார். கடைசியில் எழுந்து டின்னைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்தேன்.

டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பென்சிலை விட்டுச் சுற்றினேன். மிச்சமிருந்த ஒரே டெக்கும் டேப்பைத் தின்னும் டெக். போட்டேன். இரைச்சல். என் குரல், மருந்து, தயங்கிய சிரிப்பு. மைக் கை மாறும் கரகரப்பு. பிறகு அவன் அப்பாவின் குரல், இளமையாக, நிதானமாக. அவன் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான். மண்டபம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

“என்ன சொன்னாரு?”

என் மனைவி என்னை விட்டுப் போயிருந்ததையும், அவளை வீட்டில் நிறுத்த அவன் பாட்டியின் மொய்ங்கா ஓர் அண்டா வேண்டியிருக்கும் என்று அவன் அப்பா சொன்னதையும் பர்மா பாஷையில் சொன்னேன். பொத்தானை அழுத்தியதையும் சொன்னேன். அதற்கு நாசூக்கான வார்த்தை எனக்கு அந்தப் பாஷையில் கிடைக்கவில்லை. திருடினேன் என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். மூன்றாம் முறை, அண்டா என்ற சொல் வந்ததும், அவனை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

கேசட்டை அவனே வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“நானும் வரேன்ப்பா. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“வராதீங்க ஊலே. முதல்ல நான் கேக்கணும். நீங்க வந்தா அவரு உங்களைத்தான் பார்ப்பாரு.”

படியிறங்கி அலோன் பஸ் நிற்கும் பக்கம் வேகமாக நடந்தான். எப்போது வரலாம் என்று அவன் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.